எரிந்த ஊரைக் காணோம்

கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பின்னால் வால் மாதிரி வரும் எக்ஸ்பான்ஷன் பேக்குகளை அக்கா 'கொசுறு' என்றுதான் சொல்வார். முதலில் ஆட்டம் வரும். அது நன்றாக ஓடினால் ஆறு மாதம் கழித்து அதே ஆட்டத்துக்குப் புது ராஜா, புதுக் கப்பல், புது ஆயுதம் என்று இன்னொரு சிடி வந்து நிற்கும்.

"சப்ஜிக்காரன் பச்ச மொளகாயும் கொத்தமல்லியும் சும்மா போடுதான். இவன் கொசுறுக்குத் தனி பில்லு போடுதான் பாருலே," என்பார். அத்துடன் விடமாட்டார். "கொசுற வாங்கினா கத்திரிக்காய் கெட்டா போவுது? இவன் கொசுற ஏத்தினா இருக்குற ஆட்டமும்லா கெட்டுப் போவுது."

பாளையங்கோட்டைக்காரர். தில்லியில் ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வயது முப்பத்தைந்து இருக்கலாம். கேட்கிற தைரியம் எனக்கு இருந்ததில்லை. சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாடியில். அவருடையது நேர் கீழே. தனியாகத்தான் இருந்தார். பெயர் எதற்கு? எங்கள் பிளாக் முழுக்க அவர் அக்காதான். என் அப்பாகூட ஒருமுறை வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மெட்ரோவுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம் அது. எனக்கு வயது இருபத்து நான்கு. கம்ப்யூட்டர் டிப்ளமோ ஒன்று வைத்திருந்தேன், வேலை வைத்திருக்கவில்லை. அதனால் குடியிருப்பில் எந்தக் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். பாதி பிழைத்துக்கொள்ளும். மீதியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, "மதர்போர்டு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அக்காவுக்கு நேரு பிளேஸில் பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி, பூட்டிக் கொடுத்தவனும் நானே. 'ஆபீஸ் வேலை கத்துக்கிடத்தான்' என்றார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் ஒரு காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சுவரில் மோதிக்கொண்டிருந்தார்.

டியூட்டி முடிந்து வந்ததும் வெள்ளைச் சீருடையோடு உட்கார்ந்துவிடுவார். மேசைக்கு அடியில் உப்புப் போட்ட வெந்நீர் வாளி. அதற்குள் இரண்டு காலும். எட்டு மணி நேரம் நின்ற கால்களுக்கு வைத்தியம். வாளிக்கும் யுபிஎஸ்ஸுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த ஒரு சாணைப் பார்த்துப் பார்த்தே எனக்கு முடி கொட்டியது என்று இன்றும் என் மனைவியிடம் சாதித்து வருகிறேன்.

"அக்கா, ஷாக் அடிக்கும்க்கா."

"அடிச்சா நான் நர்ஸு, நீ இஞ்சினியரு. ரெண்டு பேரும் இங்கனதான இருக்கோம்?"

எல்லா விளையாட்டைப் பற்றியும் அவரிடம் தீர்ப்பு இருந்தது, மேல்முறையீடு கிடையாது. துப்பாக்கியால் சுடும் ஆட்டத்தை ஒரே மாலையில் மூடி வைத்தார். அதில் குண்டடிபட்டவன் தரையில் கிடக்கும் முதலுதவிப் பெட்டியின் மேல் நடந்து போனால் போதும், காயம் ஆறிவிடும். "பெட்டி மேல நடந்தா சரியாயிருமாம். அப்பம் நாங்க என்னத்துக்கு மூணு ஷிஃப்டு பாக்கோம்? வார்டுல வரிசையா பெட்டிய வச்சி எல்லாரையும் நடக்க விட வேண்டியதுதான?" கால்பந்து ஆட்டம் வருடத்துக்கு ஒன்று வருவதைப் பற்றி: "சட்டைய மாத்திப் போட்டுட்டு வந்து புது மாப்பிள்ளைங்கான்." வீடு கட்டிக் குடும்பம் நடத்தும் ஆட்டம் ஒன்று அப்போது பிரபலம். அதற்கு நாய்க்குட்டி ஒரு கொசுறு, விடுமுறைப் பயணம் ஒரு கொசுறு, விருந்து ஒரு கொசுறு. "வீட்டுக்குள்ள ஒருத்தன் சோறு பொங்கத் தெரியாம தீய வச்சிக்கிட்டுத் திரியுதான். அவனுக்கு நாய்க்குட்டி வேறயா?"

அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். ராஜா ஆட்டம். பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும் எங்களுக்கு அது ராஜா ஆட்டம். உங்களுக்கு ஒரு கோட்டை, ஐந்து ஊர்கள். வயல் போடலாம், சந்தை கட்டலாம், ஆள் சேர்க்கலாம். சுற்றி நான்கு எதிரி ராஜாக்கள். நடுநடுவே கொள்ளைக்காரர்கள். நான்கு பேரையும் அடக்கினால் ஆட்டம் முடிந்தது. உங்கள் கோட்டை விழுந்தாலும் ஆட்டம் முடிந்தது.

இந்த மாதிரி ஆட்டங்களில் எந்த நிமிடத்திலும் நிலைமையைச் சேமித்து வைக்கலாம். பிறகு ஏதாவது தப்பாகப் போனால் சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய், தப்பே நடக்காத மாதிரி விளையாடலாம். என்னைப் போன்றவர்களுக்காகவே யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்த வசதி. அக்கா டியூட்டிக்குப் போகும்போது சாவியை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். நான் கீழே போய் என் ராஜ்யத்தை ஆள்வேன். ஒரு மாடு கத்தினால் சேமிப்பேன். தூரத்தில் தூசு கிளம்பினால் சேமிப்பேன். 'பயம்-1', 'பயம்-2' என்று பெயர் வைத்து, 'பயம்-43' வரை வந்திருந்தேன்.

அக்காவுக்கு ஒன்றே ஒன்று. அதன் பெயரும் '1' தான். எழுந்து போகும்போது மட்டும் அதன் மேலேயே சேமிப்பார். மறுநாள் அங்கிருந்து தொடர்வார். பின்னால் போவது என்ற பேச்சே கிடையாது.

அவர் வடக்கே ஒரு இரும்புச் சுரங்கத்தைப் பிடிக்கும் ஆசையில் காவல்காரர்களை எல்லாம் அங்கே அனுப்பிய அன்று நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். தெற்கிலிருந்து கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஆற்றங்கரை ஊர் பற்றிக்கொண்டது.

"அக்கா! லோடு பண்ணுங்க! நேத்து சேவ் பண்ணது இருக்கே! ஜல்தி!"

நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து அம்மா, "கேஸ் சிலிண்டராடா?" என்று கேட்டாள். அக்கா வாளிக்குள் காலை ஒருமுறை மாற்றி வைத்துக்கொண்டார். ஊர் எரிந்து முடியும்வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசி வீடும் கரியானதும், அதைச் சுற்றி ஒரு மரவேலி போட்டார்.

"திருப்பிக் கட்டலயா?"

"எரிஞ்சி போச்சில்லா?"

"அதான், திருப்பிக் கட்டலாம்ல?"

"நாந்தான ஆள அங்க அனுப்புனேன்? கெடக்கட்டும்."

அதன்பிறகு அவர் போட்ட சாலைகள் எல்லாம் அந்த வேலியைச் சுற்றிக்கொண்டே போயின. வண்டிகளுக்கு இரட்டைத் தூரம். எனக்கு அதைப் பார்க்கும் போதெல்லாம் உள்ளங்கை அரிக்கும்.

திரைக்கு வெளியிலும் அக்கா அப்படித்தான். ஒருமுறை இட்லி அரிசி வாங்க கரோல் பாக் கிளம்பினோம். அவசரத்தில் ஏறிவிட்டோம், பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது, அது போவது வேறு திசை. நான் படிக்கட்டுக்குப் பாய்ந்தேன். அக்கா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"பையா, யே கஹான் தக் ஜாயேகா?" என்று பஸ் எதுவரை போகும் எனக் கேட்டார்.

"நஜஃப்கட்," என்றார் கண்டக்டர்.

"அச்சா. தோ டிக்கெட்," என்று அக்கா இரண்டு டிக்கெட் வாங்கினார்.

"அக்கா, அது ஊருக்கு வெளிய! ஹரியானா பக்கம்!"

"ஏறியாச்சில்லா? ஒக்காரு."

ஒன்றரை மணி நேரம் போனோம். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கண்ணுக்கு எட்டிய மட்டும் காலிஃபிளவர் வயல். அக்கா வரப்பில் நின்று ஒரு விவசாயியிடம் தன் பாளையங்கோட்டை இந்தியில் பேரம் பேசி, ஒரு சாக்கு வாங்கினார். தூக்கி வந்தது நான். அந்த வாரம் முழுக்க இரண்டு வீட்டிலும் காலிஃபிளவர். இட்லி அடுத்த வாரம்.

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருப்பதாக அவர் சொன்னபோது, ராஜ்யத்துக்குப் பதினோரு மாத வயது. அதற்கு முன்னால் மூன்று ராஜ்யங்கள் பிறந்து விழுந்திருந்தன, இது நான்காவது. மூன்று எதிரிகள் அடங்கியாகிவிட்டது. மீதி ஒருவன். கம்ப்யூட்டரை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவதாக ஏற்பாடு.

"ஊருக்குப் போயி எல்லாரையும் பாத்து சொல்லிட்டு வாரேன். பன்னெண்டு நாளு. வந்து ஆறு நாள்ல ஃப்ளைட். அதுக்குள்ள இவன முடிச்சிட்டுத்தான் ஏறுவேன், பாத்துக்கோ," என்று திரையில் இருந்த கடைசி ராஜாவை விரலால் குத்திக் காட்டினார். சாவியைக் கொடுத்தார். டின்னில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் எனக்குள் ஒரு நல்ல எண்ணம் முளைத்தது. என் வாழ்க்கையில் நடந்த நாசங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு நல்ல எண்ணம் இருக்கும். ராஜா ஆட்டத்துக்கு இரண்டாவது கொசுறு வந்திருந்தது. கப்பல், துறைமுகம், ஒட்டகப் படை. அக்கா மஸ்கட் போகப்போகிறார், ஒட்டகம் பொருத்தம்தானே? வழியனுப்புப் பரிசாக ஏற்றி வைத்து, கொசுறைப் பற்றிய அவருடைய அபிப்பிராயத்தையும் மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

சிடியைப் போட்டேன். கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் என்னவோ நீளமாகக் கேட்டது. நான் டிப்ளமோ படித்தவன், படிக்கவில்லை. நெக்ஸ்ட். இன்னும் நீளமாகக் கேட்டது. நெக்ஸ்ட். கடைசியாக, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கட்டுமா, நிச்சயமா என்றது. நிச்சயம் என்றேன். அவ்வளவு நிச்சயமாக நான் அதற்கு முன்னும் எதையும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை, கல்யாணத்தில்கூட.

ஒட்டகம் வந்தது. '1' இல்லை. என் நாற்பத்து மூன்று பயங்களும் இல்லை. மொத்தம் நாற்பத்து நான்கு ராஜ்யங்கள் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்டில் போய்விட்டன.

அந்த மதியம் நான் செய்த காரியங்களில் பெருமைப்பட எதுவும் இல்லை. அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். சிபியூவைத் தட்டினேன். முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். இது வேறு மதத்தார் வீடு என்று நினைவு வந்து, சுவரில் இருந்த மாதா படத்துக்கும் ஒரு வேண்டுதல் வைத்தேன். மாடிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"வந்ததும் உண்மையைச் சொல்லிடு. விளையாட்டுதானேடா?" என்றாள்.

விளையாட்டா? பதினோரு மாதம். வாளி வாளியாக வெந்நீர்.

பத்து நாள் மீதி இருந்தது. ஒட்டகத்தை அழித்தேன். பழைய ஆட்டத்தை மறுபடி ஏற்றினேன். ஒரு கள்ள ராஜ்யம் கட்டுவது என்று முடிவெடுத்தேன். ஆட்டத்தில் நிலப்படம் எப்போதும் ஒன்றுதான்; அக்காவின் ராஜ்யம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவர் டியூட்டிகளுக்கு நடுவே ஆடியதை நான் காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை ஆடினால் எட்டிப்பிடித்துவிடலாம். வேலை தேடுவதற்கு விடுமுறை விட்டேன்.

வடக்கே மூன்று கோபுரங்கள், கட்டினேன். ஆற்றோரம் ஆப்பிள் தோட்டம், போட்டேன். சந்தைக்கு இடப்பக்கம் அவர் ஏனோ வைத்திருந்த ஒற்றைக் கழுதையைக்கூட அதே இடத்தில் நிறுத்தினேன். எங்கே அடி விழுந்தாலும் திரும்பப் போய், அடி விழாமல் ஆடினேன். சேமிப்பு, திருப்பம், சேமிப்பு, திருப்பம். பத்தாம் நாள் மாலை மூன்று ராஜாக்கள் அடங்கி, ஒருவன் மீதி. '1' என்று பெயர் வைத்துச் சேமித்தேன். எழுந்து நின்று பார்த்தேன். அச்சு அசல். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மறந்தது மட்டும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அக்கா வந்தார். எங்களுக்கு அல்வா கொடுத்தார். வாடிய செடியைப் பார்த்தார். வாளியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கதவுப் பக்கமாக நின்றேன், ஓட வசதியாக.

'1' திறந்தது. அவர் மவுஸை மெதுவாக நகர்த்தினார். வடக்கு. கோபுரங்கள். சந்தை. கழுதை. ஆற்றங்கரை.

"எரிஞ்ச ஊரு எங்கலே?"

ஆற்றங்கரையில் அந்த ஊர் இருபது வீடுகளோடு, கூரையில் புகை வர, கோழி மேய நின்றுகொண்டிருந்தது. என் ஆட்டத்திலும் கொள்ளைக்காரர்கள் வரத்தான் செய்தார்கள். ஊர் பற்றிக்கொண்ட உடனே கை தன்னால் திரும்பப் போய்விட்டது. இரண்டாம் முறை காவல் போட்டுக் காப்பாற்றிவிட்டேன். அதை எரிய விடவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அது... வோல்டேஜ் ஃப்ளக்சுவேஷன்க்கா. சில சமயம் ஹார்ட் டிஸ்க்குல..."

"வோல்டேஜ் வந்து ஊரக் கட்டிக் குடுத்துட்டுப் போச்சாலே?"

சொன்னேன். ஒட்டகத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையும் கொஞ்சம் வந்தது. இருபத்து நான்கு வயதில், ஒரு கழுதை இருக்கும் திரைக்கு முன்னால். அக்கா காலை வாளியிலிருந்து எடுத்து, துடைத்து, உள்ளே போய்விட்டார். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு இரண்டு டம்ளர் டீயோடு திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. ரயில் பயணத்தால் என்று வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அது தேவைப்பட்டது.

"கொசுற ஏத்தாதன்னு எத்தன தடவ சொன்னேன்," என்றார். திட்டியது அவ்வளவுதான்.

"அக்கா, இதுலயே ஆடுங்க. ஒரே ஒரு ராஜாதான் மீதி. ரெண்டு நாள்ல ஜெயிச்சிடலாம்."

"இது நீ பொழச்ச பொழப்பு. என்னோடதில்ல." கள்ள ராஜ்யத்தை மூடினார். புதிய ஆட்டம் என்ற பொத்தானை அழுத்தினார். திரையில் ஒரு வெறும் கோட்டை, ஐந்து ஊர், வைக்கோல் கூரை.

"ஆறு நாள்தான் இருக்கு. முடியவே முடியாதுக்கா."

"முடிக்காம ஏற மாட்டேன்னு சொன்னேன்லா?"

அடுத்த ஆறு நாள் அந்த வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். கட்டில் போனது, அலமாரி போனது, குக்கர் எங்கள் மாடிக்கு வந்தது. கம்ப்யூட்டரும் ஸ்டூலும் வாளியும் மட்டும் கூடத்தின் நடுவே. ஒரு பெட்டிக்குத் துணி மடித்து வைப்பார், ஒரு வயல் போடுவார். பாஸ்போர்ட் நகல் எடுத்து வருவார், ஒரு மதில் எழுப்புவார். நான் பின்னால் நின்று நகத்தைக் கடித்தேன். ஐந்தாம் நாளில் எனக்கு நகம் தீர்ந்துவிட்டது. ஒரு எதிரியை அடக்கினார். இரண்டாமவனோடு பாதியில் நின்றது.

கடைசி நாள் காலை எழுந்து மாதா கோயிலுக்குப் போகும்முன் '1' இல் சேமித்தார். திரும்பி வந்து பயணச் சேலையிலேயே உட்கார்ந்தார். அன்று வாளி இல்லை, அதையும் கொடுத்தாகிவிட்டது. டாக்சி இரண்டு மணிக்கு. ஒன்றேகாலுக்குத் தெற்கே தூசு கிளம்பியது. மூன்று ராஜாக்கள் சேர்ந்து, மதில் இடிக்கும் எந்திரங்களோடு.

"அக்கா, காலைல சேவ் பண்ணது இருக்கு. அங்க போயிட்டு தெற்குல ஆறு காவலாளி நிறுத்துங்க, போதும். யாருக்கும் தெரியாது. கடைசி நாள்க்கா, ஒரே ஒரு தடவை!"

"ச்சீ, அந்தப் பக்கம் போ. எண்ணெ ஊத்த ஆளு வேணும், அந்தக் கொப்பரை எங்க?"

மதிலின் மேலிருந்து கொதிக்கும் எண்ணெயை ஊற்றினார். வில்லாளிகளைக் கோபுரத்தில் ஏற்றினார். சமையல்காரர்களைக்கூட இறக்கிச் சண்டைக்கு அனுப்பினார். வெளியே டாக்சி ஹாரன் அடித்தது. டிரைவர் வாசலில் வந்து நின்று, "பெஹன்ஜி, ஏர்போர்ட்!" என்றார். பிறகு அவரும் உள்ளே வந்து, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தெற்கு மதில் விழுந்தது. "அரே!" என்றார் டிரைவர். வாசல் விழுந்தது. அக்கா கடைசி ஆள் விழும்வரை மவுஸைக் கீழே வைக்கவில்லை. கோட்டையின் கொடி இறங்கியது. திரை கறுத்து, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது.

அக்கா கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"முடிச்சாச்சு."

"தோத்துட்டீங்களேக்கா."

"முடிப்பேன்னுதான சொன்னேன்? ஜெயிப்பேன்னா சொன்னேன்?" பெட்டியைத் தூக்கினார். டாக்சியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, "செடிக்குத் தண்ணி ஊத்து. இன்னும் சாகல, வேருல உசுரு இருக்கு," என்றார். வண்டி ரிங் ரோடு பக்கம் திரும்பியது.

கம்ப்யூட்டரை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் மாட்டினேன். '1' இருந்தது. அன்று காலையில் இருந்த நிலை, முற்றுகைக்கு முன்னால். ஆறு காவலாளி போதும். அவருக்காக நான் ஜெயித்து, மஸ்கட்டுக்குக் கடிதம் போடலாம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கவில்லை. புதிய ஆட்டம் ஒன்று தொடங்கினேன்.

நாலாம் நாள் மதியம் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஆற்றங்கரை ஊர் பற்றிக்கொண்டது. என் வலக்கை தன்னால் கிளம்பியது. அதைப் பிடித்து இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்தேன். இடக்கையும் கிளம்பியது. அதற்கும் அதே இடம்.

"என்னடா கோழி மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் அம்மா.

"ஊர் எரியுதும்மா."

எரிந்து முடிய வெகுநேரம் பிடித்தது. பிறகு கையை விடுவித்து, சுற்றிலும் வேலி போட்டேன்.